ஆடியில் தட்டோடு போய் நின்றேன்

போன வருடம் ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை மதியம். மலேசியாவில், குளுவாங் ஊரில் எங்கள் வீட்டு ஹாலில் என் மகள் டிவி முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் காலை ஷிப்ட் முடிந்து பசியோடு வந்தவள். வெளியே மழை ஊற்றுகிறது, கொடியில் துணி நனைகிறது, சோறு இன்னும் வைக்கவில்லை, இவள் அழுகிறாள். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று ஒரு நிமிடம் பயந்தே போனேன். பார்த்தால் டிவியில் ஜப்பான் கார்ட்டூன்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் லைன் லீடராக இருக்கிறேன். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய தொண்டை இது. வீட்டுக்கு வந்தாலும் அதே சத்தம்தான் வரும். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"எதுக்குடி அழற?" என்றேன்.

"அந்தப் பொண்ணும்மா."

"ஏன், செத்துட்டாளா?"

"இல்லம்மா. அவளுக்கு ஒன்னுமே ஆகல. அதான் அழறேன்."

ஒன்றும் ஆகாததற்கு ஏன் அழ வேண்டும்? பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு, படிவம் ஆறு படிக்கிற பெண் பேசுகிற பேச்சா இது? ரிமோட்டைப் பிடுங்கப் போனேன். அவள் கெஞ்சினாள். கடைசிப் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு அணைத்துவிடுவதாகச் சொன்னாள். பசி மயக்கத்தில் நானும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

அது ஒரு சிரிப்புக் காதல் கதையாம். ஒரு நெட்டைப் பையன், ஒரு சண்டைக்காரப் பெண். வாரா வாரம் இரண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள், அப்புறம் வெட்கப்படுவார்கள். அந்தச் சண்டைக்காரிக்குக் குட்டை முடி வைத்த ஒரு தோழி. சண்டை வந்தால் இந்தத் தோழிதான் வந்து தீர்த்து வைப்பாள். மழை பெய்தால் தன் குடையை அந்த இரண்டு பேரிடமும் கொடுத்துவிட்டு, பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஓடிவிடுவாள். அவர்கள் ஒரே குடையில் வெட்கப்பட்டுக்கொண்டு நடப்பார்கள். தோழி அத்தோடு சரி. ஆனால் இந்த வாரம் அந்த இரண்டு பேரையும் காட்டவே இல்லை. குடையைக் கொடுத்துவிட்டு ஓடினாளே, அவள் எங்கே போனாள், என்ன செய்தாள் என்பது மட்டும்தான் கதை.

அவள் பஸ்ஸில் ஏறுகிறாள். நனைந்த காலுறையைப் பிழிகிறாள். வழியில் சூடாக ஒரு பன் வாங்குகிறாள். வீட்டில் யாரும் இல்லை. காலுறையை ஃபேன் முன்னால் காயப் போட்டுவிட்டுப் பன்னைக் கடிக்கப் போகும்போது போன் அடிக்கிறது. அந்தச் சண்டைக்காரிதான். பையனைப் பற்றி அழுதுகொண்டே என்னவோ சொல்கிறாள். இவள் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பன் ஆறிப் போகிறது. போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறாள். சிரிக்கிறாள். அத்தோடு முடிந்துவிட்டது.

"இவளுக்கு அந்தப் பையன் மேல ஆசையா?" என்று கேட்டேன்.

"அதைச் சொல்ல மாட்டாங்கம்மா."

"சொல்லலன்னா எப்படித் தெரியும்?"

"நாமளே யோசிச்சுக்கணும்."

"நான் எதுக்கு யோசிக்கணும்? படம் எடுத்தவன் யோசிச்சிருக்க வேண்டியதுதான?"

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு டிவியை அணைத்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்தக் கடைசிச் சிரிப்பு மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. ஆசையை விழுங்கிவிட்டுச் சிரிக்கிறாளா, சும்மா சிரிக்கிறாளா? சோற்றுப் பானையை அடுப்பில் வைக்கும்போதும் அதே நினைப்பு.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் சத்தம். டீச்சர் வந்தாள்.

டீச்சர் என்றால் என் தம்பியின் சிநேகிதி. இடைநிலைப் பள்ளியில் இருந்தே இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது அவள் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. நாங்கள் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவள் பெயரையே மறந்துவிட்டோம் என்று சொல்லலாம். என் தம்பி ஜொகூர் பாருவில் வேலை செய்கிறான், வார இறுதியில்தான் வருவான். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அவனுக்குப் பெண் தேடும் வேலை என் தலையில். நான் பேசத் தொடங்கினால் காரியம் கெட்டுவிடும். முதலில் போன ஒரு வீட்டில், கொடுத்த காப்பி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. அதைச் சொன்னேன். அந்தச் சம்பந்தம் அங்கேயே முடிந்தது. அதற்குப் பிறகு பெண் பார்க்கப் போகும்போதெல்லாம் டீச்சரையும் கூட்டிக்கொண்டு போவோம். அவள் என் பக்கத்தில் உட்காருவாள். நான் வாயைத் திறந்தால் தொடையில் கிள்ளுவாள். அவள் கிள்ளிய கிள்ளில்தான் சிகாமட்டில் ஒரு நல்ல பெண் அமைந்தாள். ஆவணியில் நிச்சயதார்த்தம். சிகாமட்டுக்காரர்களிடம் போனில் பேசுவது, சேலை எடுப்பது, தட்டுகளை அலங்கரிப்பது எல்லாம் டீச்சர்தான்.

அன்றும் தட்டுகளுக்குச் சுற்ற வலைத்துணி கொண்டு வந்திருந்தாள். என்னிடம் கொடுத்துவிட்டு, வலைத்துணியையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, நிச்சயத்தன்னிக்கு என்னால சிகாமட்டுக்கு வர முடியாது."

"ஏன்?"

"வீட்டுல கொஞ்சம் வேலைக்கா."

"அன்னிக்கா பாத்து வேலை? என்ன வேலை?"

"சும்மா, வேலைதான்," என்றாள். சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் பத்து நிமிடத்துக்கு முன்தான் டிவியில் பார்த்திருந்தேன். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. வார இறுதிக்கு வந்திருந்த தம்பி கடைக்குப் போகக் குடை தேடிக்கொண்டிருந்தான். டீச்சர் தன் குடையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு மழையில் காருக்கு ஓடினாள்.

நானும் என் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ம்மா, வேணாம்," என்றாள் மகள். நான் இன்னும் ஒன்றும் சொல்லவே இல்லை.

அதற்கப்புறம் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. இத்தனை வருடமாக இந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு ஏன் வருகிறாள்? சம்பளமா கொடுக்கிறோம்? அவள் மனதில் என் தம்பி இருந்து, அவனுக்கு வேறு பெண் தேட அவளையே நாங்கள் கூட்டிக்கொண்டு போனோமா? மனிதர்கள் செய்கிற வேலையா இது? அவள் மேல் கோபம் வந்தது, வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று. தம்பி மேல் கோபம் வந்தது, கண் தெரியாதவனா அவன் என்று. கார்ட்டூன் மேலும் கோபம்தான். அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் நிம்மதியாகச் சோறு தின்றிருப்பேன்.

மறுநாள் காலை தம்பி ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தான். நேராகவே கேட்டேன்.

"டேய், டீச்சருக்கு உன் மேல ஆசையாடா?"

"என்னாக்கா பேசற? அது டீச்சர்லா."

"டீச்சர்னா பொண்ணு இல்லையா?"

அவன் சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்தினான். பாதி ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "அலமாக், அப்படியா சொல்ற?" என்றான். நான் எதையும் சொல்லவில்லை, கேட்டேன், அவ்வளவுதான். ஆனால் அந்த வாரம் முழுக்க டீச்சர் அழைத்தால் அவன் போனை எடுக்கவில்லை. சிகாமட் பெண்ணிடமும் சரியாகப் பேசவில்லை. அந்தப் பெண் எனக்குப் போன் செய்து, "அக்கா, அவருக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கலையா? பிடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க, அப்பா நிச்சயத்துக்கு ஹால் புக் பண்ணப் போறாரு," என்று குரல் உடைந்து கேட்டாள். நானே குட்டையைக் குழப்பிவிட்டு நான் என்ன சொல்ல?

சனிக்கிழமை தம்பி வந்ததும் பிடித்துக்கொண்டேன். "உனக்கு டீச்சரைப் பிடிக்குமா, பிடிக்காதா? ஒன்னு சொல்லு."

"தெரியலக்கா. நீ கேட்டதுக்கு அப்புறம்தான் யோசிக்கிறேன். யோசிச்சா தலைவலிதான் வருது."

இவனை நம்பிப் பயனில்லை என்று முடிவு செய்தேன். சிகாமட்டில் இன்னும் தாம்பூலம் மாற்றவில்லை, பேச்சு மட்டும்தான். டீச்சர் மனதில் இவன் இருந்தால், முதல் உரிமை அவளுக்கு. சிகாமட்டுக்காரர்கள் காலில் நான் விழுந்துகொள்கிறேன். எதைச் செய்தாலும் முறையாகச் செய்ய வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் பாசாருக்குப் போனேன். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், பூ, மஞ்சள், குங்குமம் எல்லாம் வாங்கித் தட்டில் அடுக்கினேன். தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகளைக் கிளம்பச் சொன்னேன்.

"ம்மா, அது கார்ட்டூன்மா. உண்மை இல்லம்மா."

"எல்லாம் உன்னாலதான். கார்ல ஏறு."

டீச்சர் வீடு எங்கே இருக்கிறது என்று என் மகளுக்குத்தான் தெரிந்திருந்தது. அங்கே டியூஷன் போயிருக்கிறாள். இத்தனை வருடப் பழக்கத்தில் நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. ஊர் எல்லையில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு சின்ன வரிசை வீடு. வாசலில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. புதுப் பெயின்ட் வாசனை. டீச்சரின் அப்பா கேட்டுக்கு வெள்ளி நிறப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்ததும் அவர் கையில் இருந்த பிரஷ் அப்படியே நின்றது.

"யாரும்மா நீ? ஆடி மாசத்துல தட்டு தூக்கிட்டு வர்ற?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆடியில் யாரும் பெண் கேட்கப் போக மாட்டார்கள். எங்கள் வீட்டு நிச்சயத்தையே ஆடி கழியட்டும் என்று தள்ளி வைத்தவள் நான். அவசரத்தில் மாதம்கூட மறந்துவிட்டது. தட்டைக் கீழே வைக்கவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை. என் மகள் எனக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

சத்தம் கேட்டு டீச்சர் வெளியே வந்தாள். தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. சரிதான், நான் நினைத்தது சரிதான் என்று எனக்குப் பட்டது.

"தெரிஞ்சுடுச்சாக்கா? யாரு சொன்னா?" ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நானே உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன். எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. உங்க வீட்டுக்கும் அதே நாளாப் போச்சு. இங்க அப்பாவும் நானும் மட்டும்தான். அவங்க வரும்போது வாசல்ல நின்னு ஆலத்தி எடுக்க, தட்டை வாங்கி உள்ள வைக்க ஒரு பொம்பள ஆளு இல்லக்கா."

"யாரு வரும்போது?" என்றேன்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க."

"எந்த மாப்பிள்ளை?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பத்து பகாட் ஊரில் ஓர் ஆசிரியராம். இரண்டு வருடப் பழக்கமாம். வீட்டில் பேசி, ஆவணியில் நாள் பார்த்திருக்கிறார்கள். ஆடி முடிந்ததும் சனி ஞாயிறில் விழுகிற முதல் முகூர்த்தத்தை எல்லோரும்தான் பிடிப்பார்கள். நாங்கள் பிடித்த அதே நாள், அதே காலை. எல்லாம் உறுதியாகும்வரை வெளியே சொல்ல வேண்டாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். உறுதியானபோது, எங்கள் நாளோடு மோதுகிறது என்று அவளே வாயை மூடிக்கொண்டாள்.

சாமர்த்தியம் உள்ள பெண்ணாக இருந்தால் அந்த இடத்தில், "ஆமாம், கேள்விப்பட்டுத்தான் வந்தேன்," என்று சொல்லியிருப்பாள். எனக்கு அது வராது. பக்கத்தில் கிள்ளவும் ஆள் இல்லை.

"டீச்சர், எனக்கு ஒன்னும் தெரியாது. நான் என் தம்பிக்கு உன்னைப் பொண்ணு கேக்க வந்தேன்," என்றேன்.

அவள் அப்பா பெயின்ட் டின்னை மெதுவாகத் தரையில் வைத்தார்.

டீச்சர் சிரிக்கத் தொடங்கினாள். நிற்க முடியாமல் செருப்பு ரேக் மேல் உட்கார்ந்து சிரித்தாள். "உங்க தம்பியா? அவன்கூட பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்கறதே எனக்குத் தலைவலிக்கா. படிவம் மூணுல என் பென்சில் பெட்டியத் தொலைச்சவன். இன்னும் வாங்கித் தரல."

"அப்புறம் எதுக்கு அவனுக்குக் குடை குடுத்த?"

"மழை பெஞ்சுதுக்கா."

என் மகள் கார்ட்டூன் கதையை முழுக்கச் சொன்னாள். டீச்சர் இன்னும் சிரித்தாள். அவள் அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். என்ன நடக்கிறது என்று பாதிதான் புரிந்தது.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சர் எழுந்தாள். "தட்டைப் பாத்ததும், எனக்காக வந்திருக்கீங்கன்னு நெனச்சிட்டேன்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். தேநீர் கலக்க உள்ளே போய்விட்டாள்.

அந்தச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். தொழிற்சாலையில் யார் திட்டினாலும் எனக்கு ஒன்றும் ஆகாது. அவள் திட்டவில்லை, ஆனால் நெஞ்சில் என்னவோ செய்தது. அவளுக்கு நியாயம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அதிலும் என் தம்பி கதையைத்தான் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அவளுக்கு என்று ஒரு வீடு, ஓர் அப்பா, ஒரு மாப்பிள்ளை, ஒரு முகூர்த்த நாள் இருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவே இல்லை? கார்ட்டூன்காரன்கூட அவள் பஸ் ஏறி வீட்டுக்குப் போவதைக் காட்டினான். நான் எங்கள் வீட்டு வாசலோடு நின்றுவிட்டேன்.

தேநீர் வந்தது. சர்க்கரை அதிகம். சொல்லவில்லை. அங்கிருந்தே தம்பிக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். "அப்பாடா" என்று பெரிய மூச்சு விட்டான்.

"கல்யாணம் அவளுக்கு. நீ எதுக்குடா மூச்சு விடற?"

"ஒரு வாரமாத் தூங்கலக்கா. சிகாமட்டுக்கு இப்பவே போன் போடறேன்."

"இன்னொன்னு கேளு. அன்னிக்கு அதே நேரத்துல இங்க அவளுக்கு வாசல்ல நிக்க ஆள் இல்ல."

எங்கள் பக்கம் முதல் தட்டு தூக்க வேண்டியவள் நான். மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். நான் போகாவிட்டால் சிகாமட்டில் பேச்சு வரும். தம்பிக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன்.

"நீ அங்க நில்லுக்கா," என்றான். "டீச்சர் இல்லாம நீ சிகாமட்டுக்கு வந்தா யாரு உன்னைக் கிள்றது?"

அப்படித்தான் நடந்தது. முதல் தட்டை என் நாத்தனார் தூக்கினாள். எனக்குக் காய்ச்சல் என்று என் வீட்டுக்காரர் அங்கே பொய் சொன்னார். அந்தப் பொய் எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாளே சிகாமட் பெண்ணுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன், கார்ட்டூன் உட்பட. அவள் சிரித்தாள். நான் போகாததால் அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்ததாகக் கேள்வி.

நான் டீச்சர் வீட்டு வாசலில் ஆலத்தித் தட்டோடு நின்றேன். பத்து பகாட்டில் இருந்து வந்தவர்களில் ஓர் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். என்ன வேண்டும்? யோசித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அதையே சொல்ல வாயைத் திறந்தேன். கதவுக்குப் பின்னால் இருந்து, வளையல் போட்ட கை ஒன்று வந்து என் இடுப்பைக் கிள்ளியது. "எங்க அக்கா," என்று உள்ளே இருந்து டீச்சர் குரல் வந்தது. தட்டை வாங்கி உள்ளே வைத்தேன்.

அன்று எடுத்த படங்களைத் தேடிப் பார்த்தேன். எந்தப் படத்திலும் என் முகம் இல்லை. ஒன்றில் மட்டும் ஓரத்தில் ஆலத்தித் தட்டைப் பிடித்த என் கை தெரிகிறது. "ம்மா, நீதான் சைட் கேரக்டர்," என்று மகள் கிண்டல் செய்கிறாள். அந்தப் படத்தை நான் போனில் வைத்திருக்கிறேன்.

அந்தக் கார்ட்டூனை இன்னொரு தடவை தனியாகப் போட்டுப் பார்த்தேன். அந்தக் குட்டை முடிக்காரி கடைசியில் ஏன் சிரிக்கிறாள் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் யாராவது எங்கள் வீட்டுக்கு உதவிக்கு வந்துவிட்டுக் கிளம்பினால், கேட் வரை கூடவே போய், "உங்க வீட்டுல என்ன விசேஷம்?" என்று கேட்டுவிடுகிறேன். சிலர் இவளுக்கு என்ன வந்தது என்று முறைக்கிறார்கள், முறைக்கட்டும். கேட்காமல் அனுப்பியதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.